மலைமேற் கோயிலும் மண்ணின் மொழியும்

 

கம்போடியா என்றவுடன் அங்கோர் வாட்டு என்னும் பெருங்கோயிலே எவர்க்கும் நினைவில் எழும். அப்பெருங்கோயிலுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், தாய்லாந்து எல்லையை ஒட்டி, ஒரு மலையுச்சியின் விளிம்பில் மற்றொரு கோயில் நிற்கின்றது. அதன் பெயர் பிரா விகார். தமிழருள் அதனை அறிந்தோர் மிகச் சிலரே.

அக்கோயிலின் அழகைக் காட்டிலும் அதன் வரலாறு தமிழர்க்குப் பெரிதும் பயன்படுவது. ஓர் இனம் தன் மொழியில் எழுதி வைத்தது எது? பிறர் மொழியில் எழுதி வைத்தது எது? பிறர் தனக்காக எழுதித் தர, வாங்கி வைத்துக்கொண்டது எது? இம்மூன்று வினாக்களுக்கும் அம்மலையிலே விடை உண்டு. அவ்விடையை எடுத்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

மலையும் கோயிலும்

கம்போடியாவின் வட எல்லையில் கிழக்கு மேற்காகக் கிடப்பது தாங்ரெக்கு மலைத்தொடர். கெமர் மொழியில் தாங்ரெக்கு என்பதற்குத் தோளில் சுமை தூக்கும் காவடித் தண்டு என்று பொருள். அரசவைப் புலவர் எவரும் இட்ட பெயரன்று அது. சுமை தூக்கிய மக்கள் இட்ட பெயர். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு நீண்ட தண்டு போல் தோன்றும் மலைக்கு, தம் தோளில் கிடந்த தண்டின் பெயரையே அவர்கள் சூட்டினர்.

அம்மலை வடபுறம் மெல்லச் சரிந்து, தாய்லாந்தின் கோராத்து மேட்டு நிலத்தோடு கலந்துவிடுகின்றது. தென்புறமோ அரிந்து விட்டாற்போல் செங்குத்தாகக் கம்போடியச் சமவெளியில் இறங்குகின்றது. ஏறத்தாழ 525 மீட்டர் உயரமுள்ள அவ்விளிம்பின்மேல் கோயில் அமைந்துள்ளது. கெமர்க் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவை. இதுவோ மலையின் கிடப்பிற்கேற்ப வடக்கு நோக்கியது. வடக்கே தொடங்கும் கற்படிகள் மேலேறி, அகன்ற பாதைகளையும் ஐந்து வாயில் மண்டபங்களையும் கடந்து, தெற்கே கருவறையில் முடிகின்றன. முதற்படி தொடங்கிக் கருவறை வரை 800 மீட்டர் நீளம். ஒவ்வொரு வாயிலைக் கடக்குந்தோறும் நிலம் உயர்கின்றது. அடுத்த வாயில் அதற்கும் மேலே நிற்கின்றது.

படிகளின் தலைப்பில் கல்லால் ஆன நாகங்கள் இருமருங்கும் நீண்டு கிடக்கின்றன. ஒரு வாயிலின் முகப்பில் பாற்கடல் கடையும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. கருவறையின் கோபுரம் இடிந்து கற்குவையாகக் கிடக்க, அதன் முன்மண்டபம் எஞ்சி நிற்கின்றது. சுற்றுமதிலுக்கு அப்பால் ஓரிரு அடி வைத்தால் மலை முடிந்துவிடுகின்றது; கீழே காடும் வயலும் கண்ணெட்டும் வரை விரிகின்றன. சமவெளியிலிருந்து செங்குத்தான கிழக்குச் சரிவின் வழியே ஏறிவரப் பழைய படிவழி ஒன்றும் உண்டு.

கி.பி. 889 முதல் ஏறத்தாழ 910 வரை ஆண்ட யசோவர்மன் காலத்தில் இங்கே கோயில் எழத் தொடங்கியது. இன்று காணப்படும் கட்டடங்களில் பெரும்பகுதி 11-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்ட முதலாம் சூரியவர்மன் காலத்தன. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டில் மேலும் சேர்த்தான். கோயில் சிவனுக்குரியது. கல்வெட்டுகள் இறைவனைச் சிகரீசுவரன் என்கின்றன. தமிழில் சொன்னால் 'மலைக்கிறைவன்' என்பதே அது. பின்னர்க் கெமர் மக்கள் புத்த நெறியைத் தழுவினர். மலைக்கிறைவன் கோயிலும் புத்தர்க்குரிய இடமாயிற்று. 'தூய பள்ளி' என்னும் பொருளில் பிரா விகார் என்று பெயர் பெற்றது. தாய்லாந்து மக்கள் அதனையே காவ் பிரா விகான் என்கின்றனர்.

கல்லில் இரு மொழிகள்

கெமர் நாட்டுக் கல்வெட்டுகளை ஆராய்ந்தோர் யாவரும் ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. அக்கல்வெட்டுகள் இரு மொழிகளில் அமைந்தவை. ஒன்று வடமொழி, மற்றொன்று பழங்கெமர் மொழி. இவ்விரண்டும் ஒரே செய்தியை இருமுறை சொல்வனவல்ல. வடமொழிப் பகுதி பெரும்பாலும் செய்யுள். அது கடவுளரை வாழ்த்தும். அரசனைக் கதிரவன் என்றும் திங்கள் என்றும் புகழும். அவன் குருமாரின் கால்வழியைப் பாடும். பழங்கெமர்ப் பகுதி உரைநடை. கொடுத்த நிலம் எது, அதன் கிழக்கெல்லை எது, மேற்கெல்லை எது, எத்தனை கலம் அரிசி, எத்தனை மாடு, எந்த நாளில் யார் பணி செய்ய வேண்டும் என்பவற்றையெல்லாம் அது சொல்லும்.

இவ்வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள்! புகழ்வதற்கு ஒரு மொழி. நிலத்தை அளப்பதற்கு மற்றொரு மொழி. அரசன் கதிரவன்தானா என்று வழக்காட எவரும் வாரார். எல்லைக்கல் எங்கே என்று வழக்காட நாளையே ஒருவர் வருவார். ஆகவே, வழக்கு எழக்கூடிய இடத்தில் உழவனும் ஊரவையும் கோயிற் பணியாளனும் அறிந்த மண்ணின் மொழியே வேண்டியிருந்தது. காலத்தால் பழைமையான கெமர்க் கல்வெட்டு கி.பி. 611-ஆம் ஆண்டினது. அந்நாள் தொட்டு நூற்றாண்டுகள் பல இம்முறை நீடித்தது.

பெயர்களிலும் இதே பிளவு. கி.பி. 893-இல் யசோவர்மன் எழுப்பிய உலோலே கோயிலின் கதவுநிலைக் கற்களில் கோயிற் பணியாளரின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் வெட்டப்பட்டுள்ளன. அரசன் பெயர் வடமொழி. குருவின் பெயர் வடமொழி. இறைவன் பெயரும் வடமொழி. நெல் குற்றியவளும் நீர் சுமந்தவனும் பெரும்பாலும் கெமர்ப் பெயர் தாங்கியோர். மொழியின் மேல்கீழ் அடுக்கு அந்நாட்டில் வாழ்க்கையின் மேல்கீழ் அடுக்காகவே இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிரா விகார் மலைக்கு இதிலும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. முதலாம் சூரியவர்மன் காலத்தில் சுகருமன் என்பான் ஒருவன் இருந்தான். கெமர் அரச மரபாகிய கம்பு வழியினரின் வரலாற்றையும் அரசர்தம் செயல்களையும் எழுதிக் காப்பது அவன் குடும்பத்தின் பணி என்று இம்மலைக் கல்வெட்டு சொல்கின்றது. அவ்வேடுகள் இக்கோயிலில் வைத்துக் காக்கப்பட்டன. ஆகவே, மலையுச்சிக் கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. ஓர் அரசின் ஆவணக் களரியாகவும் இருந்தது. அவ்வேடுகளில் ஒன்றேனும் இன்று இல்லை. ஏடு மறைந்தது, கல்லில் வெட்டியது மட்டும் நின்றது.

உண்மையான தொடர்பும் வீண் பெருமையும்

அன்பர்களே! இவ்விடத்தில் தமிழர் தம்மைத் தாமே எச்சரித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கீழைக் கடலுக்கு அப்பால் ஒரு சிவன் கோயிலைக் கண்டவுடன், "தமிழன் கட்டியது" என்று முழங்குவார் சிலர். அம்முழக்கம் தமிழுக்குப் பெருமை தருவதன்று. பிரா விகாரைக் கட்டியவர் கெமர் மக்கள். மலையை வெட்டியவரும் கல்லைச் சுமந்தவரும் அவர்களே. பிறர் உழைப்பைத் தனதென்று சொல்வதைத்தான் வடவர் தமிழர்க்குச் செய்தார் என்று தமிழர் குறை கூறுகின்றனர். அதே பிழையைத் தமிழர் மற்றோர் இனத்திற்குச் செய்தல் தகுமோ?

மெய்யான தொடர்புகள் உள்ளன, அவை சிறியனவுமல்ல. கெமர் எழுத்து, பல்லவ நாட்டில் வழங்கிய தென்னாட்டு எழுத்திலிருந்து கிளைத்தது. இன்றும் கம்போடியச் சிறுவன் பலகையில் எழுதும் எழுத்திற்கு அதுவே மூலம். கி.பி. 967-இல் எழுந்த பந்தியாய் சிரே கோயிலின் முகப்பில் ஆடும் சிவனின் காலடியில், வற்றிய உடலோடு அமர்ந்திருக்கும் பெண்ணுருவைக் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர் அடையாளம் கண்டுள்ளனர்.

முதலாம் இராசேந்திர சோழனின் கரந்தைச் செப்பேடுகள், காம்போச மன்னன் தன் ஆட்சியைக் காத்துக்கொள்ள வேண்டிச் சோழனின் நட்பை நாடித் தேர் ஒன்றை அனுப்பினான் என்று கூறுகின்றன. அவன் பிரா விகாரில் பெரும்பணி செய்த முதலாம் சூரியவர்மனே என்பர். கி.பி. 1114-இல் காம்போச மன்னன் முதலாம் குலோத்துங்கனுக்குக் காட்டிய அழகிய கல்லொன்று தில்லைக் கோயிலில் பதிக்கப்பட்டது என்று தில்லைக் கல்வெட்டு சொல்கின்றது. அதற்கு முந்தைய ஆண்டில் அரியணை ஏறிய இரண்டாம் சூரியவர்மன் காலத்தில், அவன் குருவாகிய திவாகர பண்டிதர் வழியாகப் பிரா விகார்க் கோயிலுக்குப் பொன்னால் ஆன ஆடும் சிவன் உருவம் வழங்கப்பட்டது. தில்லைக்கு ஒரு கல். மலைக்கிறைவனுக்கு ஒரு பொன்னுரு. இவை சான்றோடு கூடிய செய்திகள். இவற்றுக்கு மேல் மிகைப்படுத்த வேண்டுவதில்லை.

கரந்தைச் செப்பேடுகளிலும் அதே பிளவைக் காணலாம். காம்போச மன்னனின் தேரைப் பற்றிய பெருமிதம் வடமொழிப் பகுதியில் உள்ளது. சோழன் பார்ப்பனர்க்குக் கொடுத்த ஊர்களின் எல்லையும் இறையும் தமிழ்ப் பகுதியில் உள்ளன. தஞ்சையிலும் தாங்ரெக்கு மலையிலும் அரசர் மயங்கிய மயக்கம் ஒன்றே. மண் அவர்களைத் திருத்திய திருத்தமும் ஒன்றே. புகழ் பாடத் தாய்மொழி போதாதென்று எண்ணிய அரசனும், நிலத்தின் எல்லையைத் தாய்மொழியிலேயே எழுத வேண்டியவனானான்.

பிறர் வரைந்த படம்

இனி இருபதாம் நூற்றாண்டிற்கு வருவோர், அதே மலையில் அதே பாடத்தை வேறோர் உருவில் காண்பர்.

கெமர்ப் பேரரசு தளர்ந்தபின் சயாம் என்னும் தாய்லாந்து வலுப்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கம்போடியாவைத் தம் பிடிக்குள் கொணர்ந்தனர். 1904-இல் பிரான்சும் சயாமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தாங்ரெக்கு மலையில் மழைநீர் இருபுறமும் பிரிந்து ஓடும் நீர்பிரி முகடே எல்லை என்பது அதன் விதி. அந்த முகட்டைக் கண்டறிந்து படம் வரைய வேண்டும். சயாமில் அன்று அதற்குப் போதிய நிலஅளவை வல்லுநர் இலர். ஆகவே, "நீங்களே வரைந்து தாருங்கள்" என்று சயாம் அரசு பிரெஞ்சு அலுவலரையே கேட்டுக்கொண்டது. அவர்கள் 11 படங்களை வரைந்து பாரிசில் அச்சிட்டு, 1908-இல் சயாமிடம் கொடுத்தனர்.

தாங்ரெக்கு மலைக்குரிய படத்தில் எல்லைக்கோடு கோயிலுக்கு வடக்கே சென்றது. கோயில் முழுதும் கம்போடியப் பக்கத்தில் விழுந்தது. நீர்பிரி முகட்டை மெய்யாகப் பின்பற்றினால் கோயில் தம்மதே என்பது பிற்காலத்துத் தாய்லாந்தின் வழக்கு. ஆனால், படம் வந்த அன்று நடந்தது என்ன? சயாமின் உள்நாட்டு அமைச்சர் இளவரசர் தம்ரோங்கு நன்றி கூறினார். தம் ஆளுநர்களுக்கு வழங்க மேலும் 15 படிகள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கோடு எங்கே செல்கின்றது என்று அன்று மறுத்துரைத்தவர் எவரும் இலர்.

1930-இல் அதே இளவரசர் அக்கோயிலைக் காணச் சென்றார். பிரெஞ்சு அலுவலர் தம் நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டு, விருந்தோம்புவார் போல் நின்று அவரை வரவேற்றார். அப்பொழுதும் மறுப்பு எழவில்லை. 1934, 1935-ஆம் ஆண்டுகளில் சயாம் தானே நிலத்தை அளந்தபோது படத்திற்கும் முகட்டிற்கும் வேறுபாடு இருப்பது புலனாயிற்று. அதன் பிறகும் கோயிலைக் கம்போடியாவில் காட்டும் படங்களையே அந்நாடு தொடர்ந்து வெளியிட்டது.

1953-இல் கம்போடியா விடுதலை பெற்றது. 1954-இல் தாய்லாந்துப் படை மலையேறிக் கோயிலைக் கைக்கொண்டது. பேச்சு பயன் தராமையால் 1959-இல் கம்போடியா, நெதர்லாந்து நாட்டின் ஏகு நகரிலுள்ள அனைத்துலக முறைமன்றத்தை நாடியது. கம்போடியாவிற்காக வாதிட்டோருள் ஒருவர் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் தீன் ஆச்சிசன். தாய்லாந்திற்காக வாதிட்டோருள் ஒருவர் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிராங்கு சோசுகிசு. கெமர்க் கோயிலின் உரிமை, கெமரோ தாய் மொழியோ ஒலிக்காத மன்றத்தில், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வழக்காடப்பட்டது.

1962 சூன் 15-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நடுவர் ஒன்பதின்மர் கம்போடியாவின் பக்கம், மூவர் மறுபக்கம். மழைநீர் எங்கே பிரிகின்றது என்னும் வினாவை மன்றம் ஆராயத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. படத்தை வாங்கிக்கொண்டு, நன்றி கூறி, மேலும் படிகள் கேட்டு, அரை நூற்றாண்டு வாய்திறவாது இருந்தமையே ஒப்புதல் என்று அது தீர்த்தது.

பெருமக்களே! இத்தீர்ப்பைக் கூறுவது தாய்லாந்து மக்களைப் பழிப்பதற்கன்று. கெமர் மக்கள் கட்டிய கோயில் கெமர் நாட்டைச் சேர்ந்தது குறித்து வருந்துவதற்கும் ஒன்றுமில்லை. ஆயினும், இதிலுள்ள பாடம் இரு நாட்டிற்கும் பொது, தமிழர்க்கும் பொது. தன் எல்லையைத் தானே தன் மொழியில் எழுதாதவன், பிறன் எழுதியதைப் படித்துப் பாராமலே வாங்கி வைப்பவன், வாங்கிய பின்னும் வாய்திறவாதவன், ஒருநாள் தன் உரிமையைப் பிறன் மன்றத்தில் பிறன் மொழியில் இரந்து நிற்பான். ஆயிரம் ஆண்டிற்கு முன் கெமர் ஊரவை எல்லைக்கல்லைத் தாய்மொழியில் எழுதிய அறிவு, ஆயிரம் ஆண்டிற்குப் பின் வந்த அரசுகளிடம் இல்லாமற் போயிற்று.

கோட்டின் விலை

அந்தக் கோட்டிற்கு மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1975-இல் பால்பாட்டின் செங்கெமர்ப் படை கம்போடியாவைப் பற்றியபோது, தலைநகர் வீழ்ந்து ஒரு திங்கள் கடந்த பின்னும் இம்மலையுச்சியில் பழைய அரசின் வீரர் சிலர் எதிர்த்து நின்றனர். மே திங்களில் இதுவும் வீழ்ந்தது. 1979 சூனில், பசிக்கும் போருக்கும் அஞ்சித் தாய்லாந்தில் புகலடைந்த கம்போடிய ஏதிலியர் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோரைத் தாய்லாந்துப் படையினர் பேருந்துகளில் கொணர்ந்து, இம்மலையில் இறக்கிச் செங்குத்துச் சரிவின் வழியே கீழே துரத்தினர். கீழே கண்ணிவெடி நிலம். குழந்தைகளும் முதியோரும் அச்சரிவிலும் வெடியிலும் மாண்டனர். மலைக்கிறைவன் கோயிலுக்கு ஏறிய படிகளின் மறுபுறத்தில் நடந்த கொடுமை அது. 1998 திசம்பரில் செங்கெமரின் கடைசிப் படைப்பிரிவுகள் சரணடைந்ததும் இக்கோயிலின் அருகிலேதான்.

2008 சூலையில் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இக்கோயில் சேர்க்கப்பட்டது. பெருமை வந்த அதே ஆண்டில் துப்பாக்கிகளும் வந்தன. 2008 அத்தோபரிலும் 2011 பிப்பிரவரியிலும் இரு நாட்டுப் படைகளும் மோதின. கோயிற் கற்களிலும் குண்டு பட்டது. 2013 நவம்பர் 11-இல் அனைத்துலக முறைமன்றம், கோயில் நிற்கும் மலைமுனை முழுதும் கம்போடியாவிற்கே உரியது என்று ஒருமனதாக விளக்கம் தந்தது.

அதனோடும் பகை ஓயவில்லை. 2025 சூலை 24 தொடங்கி ஐந்து நாள் எல்லை நெடுகப் பீரங்கியும் வான்படையும் முழங்கின. இருபுறத்தும் இலக்கக்கணக்கான மக்கள் வீடு துறந்து ஓடினர். மலேசியாவின் முயற்சியால் நின்ற போர் அவ்வாண்டு திசம்பரில் மீண்டும் மூண்டு, 27-ஆம் நாள் நிறுத்த உடன்பாடு கண்டது. பாரிசில் அச்சான படத்தின் கோட்டிற்காக, நூற்றுப் பதினேழு ஆண்டுகட்குப் பின்னும் ஏழை உழவன் வயலை விட்டு ஓடினான்.

கோட்டிற்கு அப்பால் வாழும் மொழி

இன்னும் ஒன்று கருதத்தக்கது. எல்லைக்கு வடக்கே, தாய்லாந்தின் சூரின், சீசக்கேத்து, புரிராம் மாவட்டங்களில் பத்து இலக்கத்திற்கும் மேற்பட்டோர் கெமர் மொழி பேசுகின்றனர். கோயிலைக் கட்டியவரின் மொழியே அவர்தம் வீட்டு மொழி. ஆனால், பள்ளியில் அவர் படிப்பது தாய் மொழி. தம் மொழியைப் பேசத் தெரிந்தும் அதன் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் அவருள் மிகப் பலர். முன்னோர் வெட்டிய கல்வெட்டின் எழுத்தும், அதிலிருந்து வளர்ந்த இன்றைய எழுத்தும் அவர்க்கு ஒருங்கே அயலாயின. கல்லுக்காகப் போரிடும் உலகம், அக்கல்லில் எழுதிய மொழி ஒரு குழந்தையின் நாவில் மெலிந்து வருவதைப் பொருட்படுத்துவதில்லை. கோயில் இடிந்தால் மீண்டும் அடுக்கலாம். மொழி இடிந்தால் அடுக்குவதற்குக் கல்லும் கிடையாது.

எல்லைக்குத் தெற்கே வாழ்ந்தோர் விழித்திருந்த கதையும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியினர் கெமர் எழுத்தை நீக்கி உரோம எழுத்தைப் புகுத்த முனைந்தனர். அம்முயற்சியை எதிர்த்துப் பேசிய துறவியாசிரியர் எம் சியூ என்பாரை 1942 சூலையில் சிறைப்பிடித்தனர். அவரை விடுவிக்கக் கோரிப் புத்தத் துறவியர் குடை பிடித்துத் தலைநகர்த் தெருவில் திரண்டனர். குடைப் போர் என்று அந்நாட்டு வரலாறு அதனைப் போற்றுகின்றது. எம் சியூ தீவுச் சிறையில் மாண்டார். 1943-இல் உரோம எழுத்து ஆணையாகவே வந்தது. 1945-இல் பிரெஞ்சு ஆட்சி குலைந்தவுடன் நீக்கப்பட்டது. எழுத்தைக் காத்தது அரசன் வாளன்று, துறவியின் குடை.

சுவோன் நாத்து என்னும் துறவி கெமர் மொழிக்கு அகராதி கண்டார். அதன் முதற்பகுதி 1938-இல் வெளிவந்தது. புதிய கருத்துகட்குப் பிரெஞ்சுச் சொல்லை நீக்கி, பாலி, வடமொழி வேர்களிலிருந்து சொல் படைத்தார். கெங்கு வான்சாக்கு என்னும் அறிஞரோ, அயல்வேர் எதற்கு, கெமர் வேரே போதும் என்று வாதிட்டார். தமிழகத்தில் 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வினாவே அது. ஒருவரையொருவர் அறியாத இரு நாடுகளில் ஒரே வினா எழுந்ததென்றால், அது சிலரின் வெறியன்று. அடிமைப்பட்ட மொழி ஒவ்வொன்றும் விழிக்கும்போது கேட்கும் வினா என்பது தெளிவு.

தமிழர் கொள்ளவேண்டிய பாடம்

தமிழ்ப் பெருமக்களே! மலைமேற் கோயில் கற்பிக்கும் பாடங்கள் மூன்று.

முதலாவது, புகழைப் பிறமொழியில் தேடுதல் வீண். சிகரீசுவரன் என்னும் பெயரைக் கம்போடிய உழவன் இன்று அறியான். தாங்ரெக்கு என்னும் காவடித் தண்டின் பெயரை எல்லாரும் அறிவர். அரசர் இட்ட பெயர் கல்லோடு நின்றது; மக்கள் இட்ட பெயர் மலையோடு நிற்கின்றது. ஊர்ப்பெயரையும் ஏரிப்பெயரையும் தெருப்பெயரையும் தமிழில் காப்பது சிறு செயலன்று.

இரண்டாவது, உரிமைக்குரிய எழுத்தைத் தன் மொழியில் தானே எழுதுதல் வேண்டும். பிறர் எழுதியதைப் படியாது ஏற்றலாகாது. நிலப் பதிவாயினும் வழக்காயினும் அரசாணையாயினும், உரியவனுக்குப் புரியாத எழுத்து உரியவனைக் காவாது. சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் வழக்குமொழியாக வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் செய்தது. அது இன்னும் நிறைவேறவில்லை. தம்ரோங்கு இளவரசர் போல் நன்றி கூறி வாய்மூடி இருந்தால், அவ்வமைதியே ஒப்புதல் என்று நாளை ஒருவர் தீர்ப்பெழுதுவார்.

மூன்றாவது, பிறர் பெருமையைக் கவராமை. கெமர் மக்களின் கோயில் கெமர் மக்களுடையது. தமிழரிடமிருந்து எழுத்தின் கிளையொன்று அங்கே சென்றது. அவர்கள் அதனைத் தம் மண்ணில் நட்டுத் தம் மொழிக்குரியதாக வளர்த்துக்கொண்டனர். அதைக் காக்கச் சிறையும் புகுந்தனர். அவ்வெழுத்தை ஈன்ற நிலத்தார் தம் மொழியைக் காக்க அதனிற் குறைவாகச் செய்யலாமோ?

மலையில் ஏடுகள் அழிந்தன. பொன்னுரு போயிற்று. கோபுரம் இடிந்தது. ஓர் ஊரின் எல்லையைத் தாய்மொழியில் வெட்டிய கற்கள் இன்றும் நிற்கின்றன. படிக்கத் தெரிந்தவன் இன்றும் படிக்கலாம். தமிழகத்து ஊர்கள் பலவற்றிலும் அத்தகைய கல் உண்டு. அதனைத் தேடிப் படியுங்கள்! படித்ததைப் பிள்ளைகட்குச் சொல்லுங்கள்! இனி எழுதுவதைத் தமிழில் எழுதுங்கள்!

வெல்க தமிழ்!